எந்த வெள்ளி?

திருச்சி கே.கே. நகரில் கவலைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்தான் இருக்கிறார். பெயர் பிலோமின்ராஜ், வயது நாற்பத்தேழு. மற்றவர்கள் எல்லோரும் அதே வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு மறுபடியும் தெருமுனை. எதிர்வீட்டில் இருப்பவர்கள் அவர் முதல் தடவை கிளம்பும்போது வணக்கம் சொல்வதில்லை. எப்படியும் வந்துவிடுவார், இரண்டாவது நடைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவர் மனைவி பெலிண்டா மின்வாரிய அலுவலகத்தில் உதவியாளர். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பொறுப்புணர்ச்சி என்று நினைத்திருந்தார். இருபது வருடத்தில் இதற்கு வேறொரு பெயர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதை அச்சில் ஏற்ற முடியாது.

பிலோமின்ராஜைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்தவர். அப்பா பணிமனையில் ஃபிட்டர். ஒரு நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால் விழுப்புரம் தாண்டி எங்கோ ஒரு ரயில் கவிழும் என்று சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தார்கள். அந்த வீட்டில் மாதாவுக்கு அடுத்த இடம் நட்டுக்குத்தான்.

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் தெருவில் "ராக்கெட் விடுறாருங்க" என்பார்கள். ராக்கெட்டை அவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி ஒரு விண்கலம் செய்தது. ஓட்டலில் சோடா பாட்டில் அடுக்கி வைக்கும் குட்டி பிரிட்ஜ் அளவுதான். யாரோ பெரிய இடத்துச் செயற்கைக்கோள் மேலே போனபோது, அதன் ஓரத்தில் தொற்றிக்கொண்டு இதுவும் போய்விட்டது. இனி அது ஒரு கல்லைத் தேடிப் போக வேண்டும். பூமிக்கு அக்கம்பக்கமாகவே சூரியனைச் சுற்றும் சிறுகோள் அது. மலைக்கோட்டைப் பாறையில் பாதி இருக்கும். அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, ஒரு எண்தான். அந்தக் கல்லுக்கு எந்த வழியாகப் போனால் எரிபொருள் மிச்சம் என்று வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட்டுக் கொடுப்பது பிலோமின்ராஜின் வேலை.

எரிபொருள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டு கேஸ் சிலிண்டரில் பாதிகூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான கிலோமீட்டர் போக முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள், ஜங்ஷன் மேம்பாலத்தில் பைக் ஓட்டும் திருச்சிக்காரரைக் கவனிக்க வேண்டும். உச்சி வரை ஏறுவார். உச்சியில் இன்ஜினை அணைப்பார். பிறகு இறக்கத்தில் உருண்டே சிக்னலுக்கு வந்து சேர்ந்து, வெற்றிப் புன்னகையோடு காலை ஊன்றுவார். விண்வெளியிலும் அப்படி மேம்பாலங்கள் இருக்கின்றன. பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, பூமியின் இழுப்பும் சூரியனின் இழுப்பும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் ஓர் உச்சி உண்டு. அதுவரை மெல்ல ஊர்ந்து போய்விட்டால் அங்கே இன்ஜினைக் கொஞ்சம் எரித்து ஒரு சின்னத் தட்டு தட்டினால் போதும். மறுபக்கம் சரிவுதான். அவசரக்காரர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. பிலோமின்ராஜின் கலத்துக்கு உச்சியிலிருந்து கல் வரை பதினாலு மாதம் ஆகும்.

வம்பு அந்த உச்சியில்தான். அங்கே நிற்கும் வண்டி எந்தப் பக்கம் உருளும் என்பது ஒரு விரல் அழுத்தத்தில் இருக்கிறது. தட்டு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ, பதினாலு மாதம் கழித்து வண்டி போய்ச் சேரும் இடத்தில் கல் இருக்காது. ஒன்றுமே இருக்காது. ஆகவே, பயப்படத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

பிலோமின்ராஜ் விண்ணப்பிக்கவே இல்லை. பதினாறு வருடம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வருடம் மாணவர்கள் சேரவில்லை, துறையை மூடினார்கள். "ஹாஸ்டல் வார்டனா இருக்கீங்களா சார்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். அப்போதுதான் பாலக்கரை ஜெஸிமாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவரிடம் படித்த பெண். இப்போது பெங்களூர்க் கம்பெனியில் இந்தத் திட்டத்துக்குத் தலைவி. சூரியன், பூமி, நடுவில் ஒரு கலம், இந்த மூன்றும் இழுபட்டால் கலம் எங்கே போகும் என்று பிலோமின்ராஜ் எழுதிய ஆராய்ச்சியை உலகத்தில் மூன்று பேர் படித்திருந்தார்கள். எழுதியவர், திருத்தியவர், ஜெஸிமா.

"கிளாஸ்ல ஒரு கணக்கப் போட்டுட்டு, போர்டுக்குப் பின்னாடி போய்க்கூடப் பாப்பீங்களே சார், எங்களுக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றார்.

இப்படியாக, ஊர் முழுக்கக் கேலி செய்த குணத்துக்கு மாதச் சம்பளம் கிடைத்தது.

கம்பெனியில் அவருக்கு வாய்த்த கூட்டாளி அழகியமணவாளன். சுருக்கமாக மணவாளன். முப்பத்தாறு வயது. ஸ்ரீரங்கம் வடக்கு அடையவளஞ்சான் தெருவில் மாடியறையில் உட்கார்ந்தபடியே கலத்துக்குப் போக வேண்டிய கட்டளைகளைத் தயார் செய்வார். பிலோமின்ராஜ் அனுப்பும் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதும் அவர்தான். கெட்டிக்காரர். ஆனால் எழுதமாட்டார். எதுவானாலும் வாட்ஸ்அப்பில் குரல் செய்திதான். 'சரி' என்ற ஒரு சொல்லைக்கூட நாலு செகண்டுக்குப் பேசி அனுப்புவார்.

சித்திரையில் ஒரு நாள் எல்லோரும் கூடிய காணொலிக் கூட்டத்தில் மணவாளன் சொன்னார்: "பிலோமின் சார் நேத்திக்கு எனக்குப் பதினோரு தடவ ஃபோன் பண்ணினார். பத்தாவது தடவ நான் அடுப்படியில தளிகை பண்ணிண்டிருந்தேன், எடுக்கல. பதினொண்ணாவது தடவ எதுக்குன்னு நெனைக்கறேள்? பத்தாவது தடவ தான் பண்ணினது எனக்கு வந்துதான்னு கேக்கறதுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸிமாவும் சிரித்தார். பிலோமின்ராஜ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, கேமராவை அணைத்துவிட்டு, மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் ஒரு தடவை சொன்னால் ஒரு தடவைதான். திருப்பிக் கேட்பது கிடையாது.

மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிச்சலாக ஒரு முடிவு எடுத்தார். வினை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

மூன்று வாரம் கழித்து மணவாளனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. முதல் ஒன்பது செகண்டு முழுக்க, தெருவில் போன பழைய இரும்பு வண்டியின் ஒலிபெருக்கி. பிளாஸ்டிக் குடம், தகரம், பழைய பேட்டரி எல்லாம் தெளிவாகக் கேட்டது, மணவாளன் கேட்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகு இவ்வளவு வந்தது: "அதனால வெள்ளியத் தூக்கிடுங்கோ சார். அது இருந்தா தொந்தரவுதான், நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எடுத்துட்டு ஃபைல அனுப்பிடுங்கோ."

பிலோமின்ராஜ் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். வெள்ளியை எடுப்பதா?

அவருடைய கணக்கில் சூரியன், பூமி, நிலா, வியாழன், வெள்ளி ஆகிய ஐந்தும் கலத்தை இழுத்துக்கொண்டிருந்தன. கிரகங்கள் வழியில் கொடுக்கும் இந்தச் சின்னச் சின்ன இழுப்புகளுக்கு அவர்களுக்குள் 'தொந்தரவு' என்றுதான் பெயர். ஒவ்வொரு கிரகம் சேர்க்கச் சேர்க்கக் கணக்கு ஓடும் நேரமும் கூடும். நேரம் ரொம்ப ஆகிறது என்று போன வாரம் மணவாளன் அலுத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. எல்லாம் பொருந்தியது. இருந்தும் கை ஃபோனை எடுத்தது. கட்டைவிரல் மணவாளன் பெயருக்கு மேலே போய் நின்றது.

பதினோரு தடவை. எல்லோரும் சிரித்தது.

ஃபோனைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளி இல்லாமல் ஓட்டிப் பார்த்தார். முதல் நாற்பது நாளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அனுப்பினார். மணவாளன் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்திட்டார். அன்று ராத்திரி பிலோமின்ராஜ் நிம்மதியாகத் தூங்கினார். பெலிண்டாதான் எழுந்து கேஸை மூடினோமா என்று பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது.

கலம் உச்சிக்கு வந்து சேர்ந்தது. தட்டு புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மணவாளன் அதிசயமாகக் குரல் செய்தி அனுப்பாமல் ஃபோனே செய்தார்.

"சார், வெள்ளி இன்னும் இருக்கே?"

"எங்க இருக்கு? எடுத்துட்டேனே."

"ஃபைலத் தெறந்து வெச்சுண்டுதான் பேசறேன். பளிச்சுனு இருக்கு."

"இல்லைங்க. சூரியன், பூமி, நிலா, வியாழன். நாலுதான்."

"வியாழன் இருக்கட்டும், அது ஸ்பேருக்கு. நமக்கு புதன்தானே மெயின்."

"புதனா? புதன் எதுக்குங்க? அது தம்மாத்தூண்டு. அதோட இழுப்பு ஒண்ணுமே இல்லையே."

"என்ன சார் இழுப்பு? கார்த்தால காபி சாப்ட்டேளோ இல்லையோ? வெள்ளிக்கிழம கலத்தோட பேசற ஆன்டெனாவ வேற யாருக்கோ குடுத்துட்டா. நமக்குக் கெடைக்காது. அப்பறம் அந்த நாள் லிஸ்ட்ல இருந்து என்ன பண்றது? அன்னிக்கே சொன்னேனே. வெள்ளிக்கிழமையத் தூக்கிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள புது ஃபைல் அனுப்பிடுங்கோ."

வைத்துவிட்டார்.

பிலோமின்ராஜ் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். 'கிழமை' என்ற சொல் அவர் காதில் அப்போதுதான் விழுந்திருந்தது.

தட்டுவதற்குப் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் குறித்து, மூன்றுக்கும் கணக்கு அந்த ஃபைலில் இருந்தது. அதில் மூன்றாவது நாளைத்தான் மணவாளன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இவர் நாளை விட்டுவிட்டுக் கிரகத்தைத் தூக்கிவிட்டார். கிரகத்துக்கும் நாளுக்கும் நம் ஆட்கள் ஒரே பெயரை வைத்து, அடையாளத்துக்கு 'கிழமை' என்று ஒரு வால் ஒட்டித்தான் கொடுத்தார்கள். பேச்சில் அந்த வாலை நாம் நறுக்கிவிட்டோம். இதனால் யாருக்கும் இதுவரை கெடுதல் வந்ததில்லை. 'வெள்ளி வீட்டுக்கு வாங்க' என்றால் எந்தத் திருச்சிக்காரரும் வானத்தைப் பார்க்கமாட்டார். பார்க்கக்கூடிய ஒரே ஆள் கே.கே. நகரில் இருந்தார்.

தோராயக் கணக்குக்கு அரை மணி நேரம் பிடித்தது. வெள்ளியைத் திருப்பி உள்ளே வைத்து ஓட்டினார். தட்டில் வித்தியாசம் வினாடிக்கு முப்பது சென்டிமீட்டர். குழந்தை தவழும் வேகம்தான். ஆனால் பதினாலு மாதம் தவழ்ந்தால்? திரையில் எண் வந்தது. கலம் கல்லுக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போகும். தள்ளிப் போவது இரண்டு மூன்று மாதத்தில் தெரியவரும், திருத்தவும் செய்யலாம். ஆனால் அந்தத் திருத்தம் தின்னும் எரிபொருள், கல்லை நெருங்கிய பிறகு அங்கே நிற்பதற்கென்று வைத்திருந்தது. பிறகு கலம் கல்லைத் தாண்டி ஓட வேண்டியதுதான். பஸ் நிற்காத ஸ்டாப்பில் நிற்பவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

முழுக் கணக்கைக் கம்பெனி சர்வரில் ஓடவிட்டார். ஐந்து மணி நேரம் ஆகும். நாலே முக்காலுக்கு முடிந்துவிடும். கெடு ஆறு மணி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மின்விசிறி முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்ததும் அவருக்கே கூச்சமாக இருந்தது. மணவாளனே புது ஃபைல் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டு, அதே சாக்கில் வெள்ளியை உள்ளே வைத்து அனுப்பிவிட்டால்? மேலே 'வெள்ளி திருத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பு போடலாம். அதில் பொய்கூடக் கிடையாது.

ஒரு மணிக்குப் பெலிண்டா சாப்பிட வந்தார். மீன் குழம்பு மூடியபடி இருந்தது.

"என்னங்க, சாப்பிடலயா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பூட்டு கீட்டு பாக்கப் போகணுமா?"

"பெலிண்டா, வெள்ளின்னு சொன்னா உனக்கு என்ன தோணும்?"

"கொலுசு."

பிலோமின்ராஜ் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பெலிண்டா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"எங்க ஆபீஸ்ல வந்து பாருங்க. 'வெள்ளி கரன்ட் இருக்காதாமே'ன்னு ஒருத்தர் ஃபோன் பண்ணா, இந்த வெள்ளியா வர்ற வெள்ளியா, கே.கே. நகரா காஜாமலையான்னு நான் நாலு கேள்வி கேக்காம வைக்க மாட்டேன். ஊரையே கேள்வி கேட்டுக் கொல்ற மனுஷன், நீங்க கேக்கலயா?"

"கேட்டா சிரிப்பாங்க."

"இப்ப அழுவாங்களா?"

"யாருக்கும் தெரியாதும்மா. அவரே ஃபைல் கேட்டிருக்காரு. மாத்தி அனுப்பிட்டா முடிஞ்சுது. ஜெஸிமாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைக்கும்? நான் பாடம் எடுத்த புள்ள. என்னை நம்பிக் கூப்பிட்டுச்சு. வேலையும் போயிடும்."

"சரி, மாத்தி அனுப்புங்க." பெலிண்டா ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "புதுக் கணக்க யாரு சரிபாப்பா?"

பிலோமின்ராஜ் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"யாருக்கும் தெரியாதுன்னா, யாரும் பாக்க மாட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

நீதிக் கதைகளில் இந்த இடத்தில் மனசாட்சி விழித்துக்கொள்ளும். பிலோமின்ராஜுக்கு அப்படி எதுவும் விழித்ததாகத் தகவல் இல்லை. சரிபார்க்காத ஒரு கணக்கு, அதுவும் பதற்றத்தில் போட்டது, பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு கலத்தைத் தட்டப்போகிறது என்ற நினைப்புதான் அவரை நாற்காலியிலிருந்து தூக்கியது. உள்ளே ஒரு நட்டு முடுக்காமல் கிடக்கிறது. அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை.

ஃபோனில் சொல்லவில்லை. ஃபோனில் சொன்னால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு வேறாகப் புரியும் என்பது அன்றைக்குக் காலையில்தான் நிரூபணமாகியிருந்தது. பெலிண்டா ஆபீஸுக்குக் கிளம்பும்போதே கூடக் கிளம்பி, வீட்டைப் பூட்டிப் பைக்கை எடுத்தார். டி.வி.எஸ். டோல்கேட், பாலக்கரை, சத்திரம். காவிரிப் பாலத்தில் லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிப்பதா, 'ஒரு பெரிய விஷயம்' என்றா? பதினோராயிரம் கிலோமீட்டர் என்பது சின்னதா, பெரியதா? சூரியனை வைத்துப் பார்த்தால் சின்னதுதான். வேலையை வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. மாம்பழச் சாலை வந்தபோது வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்காமலே கிளம்பிவிட்டது தெரிந்தது. திரும்பவில்லை.

மணவாளன் வேட்டியோடு, கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்க, மாடிக் கதவைத் திறந்தார்.

"வாங்கோ, வாங்கோ! என்ன சார், ஃபைல நடந்தே கொண்டு வந்துட்டேளா? நெட்டு இல்லையா?"

பிலோமின்ராஜ் உட்காராமலே சொன்னார். பாதியில் மணவாளன் சிரித்தார். "வெள்ளியவே தூக்கிட்டேளா! வீனஸையா!" என்று தொடையைத் தட்டினார். பதினோராயிரம் என்ற எண் வந்ததும் சிரிப்பு நின்றது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். சரிபார்த்தவர்: அழகியமணவாளன். பக்கத்தில் தேதி, நேரம்.

"பாத்தேன்னு போட்டிருக்கேனே" என்றார் மெதுவாக.

"பாத்தீங்களா?"

"தெறந்தேன். பாத்துருந்தா வெள்ளிக்கிழம இருக்கறது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பதினோரு தடவ பாக்கற மனுஷன் போட்ட கணக்கு, இதுல நான் வேற என்னத்தப் பாக்கறதுன்னு..."

கீழே தெருவில் சைக்கிள் மணி அடித்தது. ஒருவர் இனிமேல் கேட்பதில்லை என்று இருந்திருக்கிறார், இன்னொருவர் இனிமேல் பார்க்க வேண்டாம் என்று இருந்திருக்கிறார். இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவில் ஒரு கிரகம் காணாமல் போயிருந்தது.

மணவாளன் குரலைத் தாழ்த்தினார். "சார், ஜெஸிமா மேடத்துக்குச் சொல்லணுமா? புதுக் கணக்கு எப்ப முடியும்?"

"நாலே முக்கால்."

"இங்கயே உக்காந்து ரெண்டு பேருமாப் பாத்துடுவோம். இந்தத் தடவ நெஜமாவே பாக்கறேன், ரங்கன் மேல ஆணை. அப்பறம் அது சரிபார்த்த கணக்குதானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

மனிதரின் நியாயம் அழகாக இருந்தது. பிலோமின்ராஜ் வீட்டிலிருந்து கிளம்பிய காரணத்தையே மணவாளன் இல்லாமல் ஆக்கிவிட்டார். புதுக் கணக்கைப் பார்க்க ஆள் கிடைத்துவிட்டது. இப்போது திரும்பிப் போகலாம். பூட்டையும் பார்த்துக்கொள்ளலாம். பிலோமின்ராஜ் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"நாலே முக்காலுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒண்ணேகால் மணி நேரம். அதுக்குள்ள எப்படிங்க பாப்பீங்க? போன தடவ பாத்த மாதிரியா?"

மணவாளன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒழுங்காகப் பார்ப்பதென்றால் முழுதாக ஒரு நாள் வேண்டும். ஒரு நாள் வேண்டுமென்றால் தட்டை வியாழக்கிழமைக்குத் தள்ள வேண்டும். தள்ளுகிற அதிகாரம் ஒருவருக்குத்தான் உண்டு.

ஜெஸிமாவுக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார்கள். பிலோமின்ராஜ் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்த அமைதியில் அவருக்கு வார்டன் வேலை, ஹாஸ்டல் மெஸ், விளக்கணைக்கச் சொல்லி வராந்தாவில் நடப்பது எல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் வேணும் சார்?" என்றார் ஜெஸிமா.

"நாளைக்கு முழுசும்."

"வியாழனுக்கு மாத்தறேன்."

"வியாழக்கிழமைங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை சார். காலைல பத்து அம்பது. ரெண்டு பேரும் தனித்தனியா போடுங்க, தனித்தனியா பாருங்க. விடை ரெண்டும் ஒத்துப்போனாதான் அனுப்புவேன். எல்லாம் முடிஞ்சப்பறம் ஆளுக்கொரு அறிக்கை குடுங்க."

புதன்கிழமை முழுக்க அந்த மாடியறையில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடைகள் ஒத்துப்போகவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தார்கள், அப்போதும் ஒத்துப்போகவில்லை. மாலை நாலு மணிக்கு மணவாளன்தான் பிடித்தார். பதற்றத்தில் பிலோமின்ராஜ் கலத்தின் எடையைப் பழைய ஃபைலிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். இதுவரை தீர்ந்த எரிபொருளை அதில் கழிக்கவில்லை. முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் அனுப்பியிருந்தால், ஒரு தப்பின் இடத்தில் இன்னொரு தப்பு போய் உட்கார்ந்திருக்கும். பிலோமின்ராஜ் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பத்து ஐம்பதுக்குக் கலத்தின் இன்ஜின் நாற்பத்தோரு செகண்டு எரிந்தது. பதினைந்து லட்சம் கிலோமீட்டரிலிருந்து பதில் வர ஐந்து செகண்டு போதும். எண்கள் வந்தன. வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பெங்களூரில் கை தட்டினார்கள். மணவாளன் எழுந்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிலோமின்ராஜ் கை தட்டவில்லை. கல் வருவதற்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. அதற்குள் என்னவெல்லாம் ஆகலாம் என்று ஒரு பட்டியல் அவருக்குள் ஏற்கெனவே நீளத் தொடங்கியிருந்தது.

அறிக்கைப் படிவம் ஒரு பக்கம்தான். 'தவறுக்கான காரணம், ஒரு வரியில்' என்று ஒரு கட்டம். பிலோமின்ராஜ் முதலில் பழைய இரும்பு வண்டியைப் பற்றி எழுதினார், அழித்தார். தமிழ் மொழியின் கிரகப் பெயர்களைப் பற்றி எழுதினார். மொழி மேல் பழி போடுவது நன்றாக இல்லை என்று அதையும் அழித்தார். கடைசியில் ஒரே சொல் எழுதி அனுப்பினார்: 'கேட்கவில்லை.'

மறுநாள் ஜெஸிமா ஃபோன் செய்தார்.

"சார், 'கேட்கவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. காதுல விழலையா, திருப்பி விசாரிக்கலையா?"

பிலோமின்ராஜ் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"ஏன் கேக்கறேன்னா, காதுல விழலைன்னா அது மணவாளனோட பழக்கத்தால வந்தது. அவர இனிமே எழுதி அனுப்பச் சொல்லிட்டு மூடிடுவேன். விசாரிக்கலைன்னா உங்க பேர்ல எழுதணும்."

கதவு திறந்தே இருந்தது. ஒன்பது செகண்டு இரும்பு வண்டி சாட்சி சொல்லத் தயாராக இருந்தது. குரல் செய்தி இன்னும் ஃபோனில் இருந்தது. யார் கேட்டாலும் போட்டுக் காட்டலாம்.

"மொதல் ஒம்பது செகண்டு காதுல விழலைம்மா" என்றார். "ஆனா விழலைங்கறது எனக்கு நல்லாத் தெரியும். ஃபோன எடுத்தேன். வெச்சுட்டேன். விசாரிக்கல."

"நீங்களா சார்? ஏன்?"

"சிரிப்பீங்கன்னு."

"அன்னிக்கு மீட்டிங்ல நானும் சிரிச்சேன், இல்ல சார்?"

"நான்தாம்மா சத்தமா சிரிச்சேன்."

சாயங்காலம் அறிக்கை திரும்பி வந்தது. காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதிய சொல்லை அடித்துவிட்டு, 'விசாரிக்கவில்லை' என்று போட்டிருந்தார் ஜெஸிமா. கீழே, எடுத்த நடவடிக்கை: 'குரல் செய்தியில் வரும் எந்த உத்தரவையும் பிலோமின்ராஜ் குறைந்தது ஒரு தடவை திருப்பிக் கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் எழுத்தில் பதில் தர வேண்டும். கேட்காவிட்டால் விளக்கம் கோரப்படும்.'

பிலோமின்ராஜ் அதை மூன்று தடவை படித்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"ஜெஸிமா, அந்த நடவடிக்கை வந்துச்சும்மா. 'குறைந்தது'ன்னு போட்டிருக்கே. அதிகபட்சம் எவ்வளவுன்னு போடலயே?"